முதுமையும் அரை மாரத்தான் ஓட்டமும்

ஓட்டம் என்றவுடன் இளமை என்னும் எண்ணமும் உடன் தோன்றுதல் இயல்பு. பந்தயத் திடலிலே பரிசு பெறுவோர் பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினராகவே காணப்படுதலின், ஐம்பது கடந்த ஒருவர் வைகறைப் பொழுதில் வீதிவழியே ஓடக் கண்டால், உடல் நலம் கருதி ஓடுகின்றார் போலும் என்று எண்ணி அமைகின்றோம். அத்தகையோருள் சிலர்க்கு நலத்தின்மேலும் ஒரு நோக்கம் உண்டு. அவர் கையில் ஒரு கடிகாரமும், நெஞ்சில் ஓர் எண்ணும் இருக்கும். தாம் இதுகாறும் ஓடிய அரை மாரத்தான் ஓட்டங்களுள் மிகக் குறைந்த நேரம் எதுவோ, அதனினும் ஒரு விநாடியேனும் குறைத்து ஓடிவிடல் வேண்டும் என்பது அவர் வேட்கை. இவ்வாறு ஒருவர் தம்மையே வென்று பெறும் நேரத்தை இக்கட்டுரையில் 'சொந்தச் சாதனை' என்று வழங்குவோம். ஆண்டுதோறும் உடல் தளரும் பருவத்தில் இவ்வேட்கை நிறைவேறக் கூடியதுதானா, நிறைவேறுமாயின் எவ்வாறு, அதற்கு எல்லை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஓட்டத்தின் அளவை அறிதல் வேண்டும். 1908-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில், மாரத்தான் ஓட்டம் வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமரும் இடத்திற்கு எதிரே முடியுமாறு வகுக்கப்பட்டது. அங்ஙனம் அமைந்த 26 மைல் 385 கெஜத் தொலைவே, அஃதாவது 42.195 கிலோமீட்டரே, 1921-இல் உலகிற்கெல்லாம் பொது அளவாகக் கொள்ளப்பட்டது. அதன் செம்பாதியாகிய 21.0975 கிலோமீட்டர் அரை மாரத்தான் எனப்படும். பெயரால் அரையாயினும் இன்று இது தனி மதிப்புடைய ஓட்டமாகும். 1981-இல் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் 'கிரேட் நார்த் ரன்' என்னும் அரை மாரத்தான் தொடங்கப்பெற்றது. 1992-இல் அப்பகுதியிலேயே முதல் உலக அரை மாரத்தான் போட்டி நடைபெற்றது. 2004 முதல் இத்தொலைவிற்கு உலகச் சாதனையும் முறைப்படி பதியப்படுகின்றது. முதியோர் இதனைப் பெரிதும் விரும்புதற்குக் காரணம் உண்டு. முழு மாரத்தானை முழு வலிமையோடு ஓடியவர் உடல் பழைய நிலையை எய்தப் பல வாரங்கள் செல்லும். அரை மாரத்தானோ அத்துணை வருத்தாது. ஓராண்டில் மூன்று நான்கு முறை முயலவும் இடந்தருவது. வேகமும் பொறுமையும் ஒருங்கே வேண்டப்படும் ஓட்டம் இது. பொறுமையோ முதியோர்க்கு உரிய செல்வம்.

சொந்தச் சாதனை என்பது ஒரு நேரத்தை மற்றொரு நேரத்தோடு ஒப்பிட்டுக் காண்பதாம். அதற்குத் தொலைவு இரண்டிடத்தும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வளைந்து செல்லும் தெருக்களில் இருபத்தொரு கிலோமீட்டரைப் பிழையின்றி அளத்தல் எளிய செயலன்று. மிதிவண்டியின் முன்சக்கரத்தில் சுற்றுக்களை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்கோட்டில் முதலில் அதனைச் சோதித்து, பின்னர் ஓடுவோர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியே அவ்வண்டியைச் செலுத்தி அளக்கின்றனர். இம்முறையை 1964-இல் நூல் வாயிலாக அமெரிக்க நாட்டிற் பரப்பியவர், 1952-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் மாரத்தான் ஓடிய டெட் கார்பிட் என்பவராவர். அளவு குறைந்துவிடாமற் காக்கும் பொருட்டு ஆயிரத்திற்கு ஒரு பங்கு கூட்டிப் பாதையை வகுத்தல் வழக்கம். அரை மாரத்தானில் இஃது ஏறக்குறைய 21 மீட்டர். உலகச் சாதனைக்குரிய பாதையில் தொடக்கமும் முடிவும் ஓட்டத் தொலைவிற் பாதிக்குமேல் விலகியிருத்தல் ஆகாது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கமும் ஆகாது. நியூகாசிலில் தொடங்கி, டைன் பாலத்தைக் கடந்து, சௌத் ஷீல்ட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் முடியும் கிரேட் நார்த் ரன் ஒரே திசையிற் செல்வது. ஆதலின், அங்கே எவர் எத்துணை விரைந்து ஓடினும் அஃது உலகச் சாதனையாகக் கொள்ளப்படுவதில்லை. முதுகின் பின்னிருந்து வீசும் காற்றும் ஓடுவோர்க்குத் துணை செய்யும் அன்றோ? தம்மைத் தாமே அளக்கப் புகும் தனி மனிதரை இவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும், கோணாத கோலைக் கொண்டு அளந்தால்தான் அளவு பொருளுடையதாகும்.

இனி உடலின் நிலையைக் காண்பாம். நாம் உண்ணும் உணவே ஓட்டத்திற்கு எரிபொருள். அதனை எரிக்கப் பிராணவாயு வேண்டும். வேகம் கூடக்கூட உட்கொள்ளப்படும் பிராணவாயுவும் கூடிச்சென்று, ஓர் எல்லையில் நின்றுவிடும். இதனை, நோபெல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞரும் அவர்தம் துணைவரும் 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்து காட்டினர். ஹில் தாமே முதுகிற் பையைச் சுமந்துகொண்டு ஓடி, தம் மூச்சை அதிற் பிடித்து அளந்தவர். இவ்வெல்லை ஒவ்வொருவர்க்கும் தலைக்குமேல் அமைந்த கூரை போன்றது. முப்பது வயதிற்குப் பின் அக்கூரை மெல்லத் தாழத் தொடங்குகின்றது. பயிற்சியின்றி இருப்போர்க்குப் பத்தாண்டிற்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு தாழும். கடும் பயிற்சியை விடாதோர்க்கு அதிற் பாதியளவே தாழும் என்பது பல ஆராய்ச்சிகளிற் கண்ட முடிபு.

கூரை தாழ்தற்கு முதற்காரணம் இருதயம். அது மிக விரைந்து துடிக்கக்கூடிய அளவு வயதோடு குறைகின்றது. வயதின் பத்தில் ஏழு பங்கை 208-இலிருந்து கழித்தால் அவ்வளவு ஒருவாறு கிடைக்கும் என்று 2001-இல் வெளியான கணக்கு ஒன்று கூறுகின்றது. அதன்படி இருபது வயதினர்க்கு நிமிஷத்திற்கு 194 துடிப்பும், அறுபது வயதினர்க்கு 166 துடிப்பும் ஆம். இவை சராசரியே, ஆளுக்கு ஆள் வேறுபடும். தசைகளும் சுருங்குகின்றன, விரைவிற்கு உதவும் தசையிழைகளே முதலிற் குன்றுகின்றன. அதனால் காலடியின் எண்ணிக்கை குறையாவிடினும் காலடியின் நீளம் குறைகின்றது. உடன் ஓடும் இளைஞரைப்போலவே விரைந்து கால் பெயர்த்தும் முதியவர் பின்தங்குதற்குக் காரணம் இதுவே.

ஆயின், ஓட்டத்தின் வேகத்தை அக்கூரை ஒன்றே முடிவு செய்வதில்லை. அக்கூரைக்கு எத்துணை அருகில் நெடுநேரம் தரித்து நிற்க இயலும் என்பது மற்றொன்று. ஒரு கிலோமீட்டரை எத்துணைச் சிக்கனமாகக் கடக்கின்றார் என்பது பிறிதொன்று. இடைவிடாது பயில்வோர்க்கு இவ்விரண்டும் முதுமையிலும் பெரிதும் நிலைத்து நிற்கின்றன. ஒரு மணிக்கு மேலாக ஓடவேண்டிய அரை மாரத்தானில் இவ்விரண்டிற்கும் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் நம் வினாவிற்கு விடை கிடைக்கின்றது. பெரும்பாலோர் தம் இளமையில் அக்கூரையைத் தொட்டுப் பார்த்தவரல்லர். கல்வியும் தொழிலும் குடும்பமும் அவர்தம் காலத்தைக் கொண்டன. உடலின் ஆற்றல் பயன்படாமலே கிடந்தது. பத்தடி உயரக் கூரையின்கீழ் ஐந்தடி ஏணியில் நின்ற இளைஞர், கூரை எட்டடியாகத் தாழ்ந்த காலத்தில் ஏழடி ஏணியில் ஏறி நிற்றல் கூடும் அன்றோ? தாழும் கூரைக்கும் உயரும் ஏணிக்கும் இடையே உள்ள அவ்வெளியே முதியவரின் சொந்தச் சாதனைக்கு உரிய நிலம். இளமையிலே கூரை முட்ட ஓடியவர்க்கு அவ்வெளி இல்லை. காலங்கடந்து தொடங்கியவர்க்கு அது நிரம்ப உண்டு.

இதற்குச் சான்று வேண்டுவோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிசில்லா வெல்ச் என்னும் அம்மையாரை நோக்குக. முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகும் வரையில் அவர் ஓட்டக்காரர் அல்லர். புகைபிடிக்கும் பழக்கமும் உடையவராயிருந்தார். பின்னர் ஓடத் தொடங்கி, 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக் மாரத்தானில், தமது 39-ஆம் வயதில், ஆறாவதாக வந்தார். 1987-இல், 42 வயதில், இலண்டனில் 2 மணி 26 நிமிஷம் 51 விநாடியில் ஓடித் தம் வாழ்நாளின் சிறந்த நேரத்தைக் கண்டார். அவ்வாண்டே நியூ யார்க் மாரத்தானில் முதலிடமும் பெற்றார். நாற்பதைக் கடந்த பின்னரே அவர் தம் கூரையின் அருகே சென்றார் என்க.

தளர்ச்சியின் போக்கை அறியக் கனடா நாட்டு எட் விட்லாக் என்பவர் வரலாறு உதவும். இங்கிலாந்திற் பிறந்து, பொறியியல் தொழில் செய்து, நடுவே பல ஆண்டுகள் ஓட்டத்தை விட்டிருந்து, நாற்பது வயதை ஒட்டி மீண்டும் ஓடத் தொடங்கியவர் அவர். ஒண்டாரியோ மாகாணத்தில், மில்ட்டன் என்னும் ஊரில், தம் வீட்டருகேயுள்ள கல்லறைத் தோட்டத்தையே பயிற்சிக் களமாகக் கொண்டு நாள்தோறும் மணிக்கணக்காகச் சுற்றிச்சுற்றி ஓடுவார். முழு மாரத்தானில் அவரது வாழ்நாட் சிறந்த நேரம், 48-ஆம் வயதில் ஓடிய 2 மணி 31 நிமிஷம் 23 விநாடி. 2003-இல், எழுபது கடந்தோருள் மூன்று மணிக்குள் மாரத்தான் ஓடிய முதல் மனிதரானார். மறு ஆண்டு, 73 வயதில், டொராண்டோ நகரில் 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியில் ஓடினார். 2016-இல், 85 வயதில், நான்கு மணிக்கு மூன்று நிமிஷத்திற்கும் சற்றுக் கூடுதலாகக் குறைத்து ஓடினார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் மறைந்தார்.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்குவோம். 48 முதல் 73 வரை இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் இழந்தது 23 நிமிஷம் 25 விநாடி. ஆண்டிற்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை. 73 முதல் 85 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் இழந்ததோ ஒரு மணிக்கு மேல். ஆண்டிற்கு ஐந்து நிமிஷத்திற்கும் அதிகம். முதுமையின் இழப்பு நெடுங்காலம் மெல்லச் சரியும் மேட்டுநிலம் போன்றிருந்து, பின்பு மலைச்சரிவாக மாறுகின்றது. அரை மாரத்தானிலும் இதன் வடிவம் பெரிதும் இத்தகையதே. ஐம்பதிலும் அறுபதிலும் உள்ளவர் அம்மேட்டு நிலத்தில் நிற்கின்றார். அவர்தம் முயற்சிக்கு இன்னும் இடமுண்டு. ஆயினும் அவ்விடம் என்றும் இருப்பதன்று. அவர் விரைவதற்குக் காரணம் இவ்வறிவே.

இனி ஒரு நிமிஷத்தின் விலை யாது என்று கணக்கிடுவோம். ஐம்பத்தைந்து வயதுடைய ஆசிரியர் ஒருவர் 1 மணி 46 நிமிஷத்தில் அரை மாரத்தான் ஓடுகின்றார் என்றும், அதனை 1 மணி 45 நிமிஷமாக்க விரும்புகின்றார் என்றும் கொள்வோம். முன்னதற்குக் கிலோமீட்டர் ஒன்றிற்கு 5 நிமிஷம் 1 விநாடி. பின்னதற்கு 4 நிமிஷம் 59 விநாடிக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு மூன்று விநாடிகூட இல்லை. ஒரு முறை மூச்சை உள்ளிழுத்து வெளிவிடும் பொழுதே அது. ஆயின் அதனை இருபத்தொரு முறை இடைவிடாது ஈட்டுதல் வேண்டும். ஒரு கிலோமீட்டரில் பத்து விநாடி முந்திவிட்டு அடுத்ததில் இளைப்பாறுதல் உதவாது. மேலும், அவ்வயதில் ஆண்டிற்கு நூற்றுக்கு ஒன்று அல்லது அதனிற் சிறிது குறைந்த பங்கு இயல்பாகவே கழிகின்றது. அவர்க்கு அஃது ஏறக்குறைய ஒரு நிமிஷம். ஆதலின், சென்ற ஆண்டு ஓடிய நேரத்திலேயே இவ்வாண்டும் ஓடி முடித்தவரை நின்ற இடத்தில் நின்றவர் என்று எண்ணற்க. ஆற்றின் ஒழுக்கை எதிர்த்து நீந்தித் தம் நிலையைக் காத்தவர் அவர். ஒரு நிமிஷம் குறைத்தவரோ காலத்தின் நிமிஷத்தையும் தம் நிமிஷத்தையும் ஒருங்கே மீட்டவராவர்.

அதனை மீட்கும் வழி யாது? பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடத்தக்க மெதுவான ஓட்டமாக இருத்தல் வேண்டும். சிறந்த ஓட்டக்காரர்களும் தம் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை இங்ஙனமே கழிக்கின்றனர். நாள்தோறும் கடுமையாக ஓடினாலன்றி முன்னேற்றம் இல்லை என்பது பலரும் கொண்டுள்ள தவறான கருத்து. மெதுவான ஓட்டம் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்கி, கொழுப்பை எரித்து ஆற்றலாக்கும் திறனையும் வளர்க்கின்றது. எஞ்சிய ஒரு பங்கிலே இரு வகை உண்டு. ஒன்று, சில சொற்களுக்கு மேல் பேசவியலாத வேகத்தில் இருபது முதல் நாற்பது நிமிஷம் வரை ஓடுதல். இதனால் கூரையின் அருகே நெடுநேரம் தரிக்கும் ஆற்றல் வளரும். மற்றொன்று, மூன்று நான்கு நிமிஷம் விரைந்து ஓடி, இடையிடையே இளைப்பாறி, மீண்டும் ஓடுதல். கூரை தாழாமல் முட்டுக்கொடுப்பது இது. வாரத்திற்கொரு முறை இரண்டு மணி நேரம் வரையிலான நீண்ட ஓட்டமும் வேண்டும்.

இளைஞர்க்கும் இவை பொதுவே. முதியவர்க்கென்று தனியே உரியவை இரண்டு. முதலாவது வலிமைப் பயிற்சி. 1990-இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த ஏறக்குறைய தொண்ணூறு வயதினர் சிலர்க்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்தம் காலின் வலிமை சராசரியில் இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகிற்று. தொண்ணூறில் இயலுமாயின் ஐம்பத்தைந்தில் இயலாதோ? வாரத்திற்கு இருமுறை தொடையையும் கெண்டைக்காலையும் இடுப்பையும் வலியுறுத்தல், சுருங்கும் காலடியை நீளவைக்கும், தசைநாண்களையும் காக்கும். இரண்டாவது ஓய்வு. கடும் பயிற்சிக்குப்பின் ஒரே நாளில் தேறிய உடல், முதுமையில் இரண்டு மூன்று நாள் கேட்கும். ஏழு நாளில் முடித்த பயிற்சிச் சுற்றைப் பத்து நாளாக நீட்டிக்கொள்ளும் முதியோர் பலர். உடலைச் செப்பனிடும் வேலை ஓய்விலும் உறக்கத்திலுமே நடைபெறுதலின், இதனைச் சோம்பல் என்று எண்ணுதல் கூடாது. போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஓடும் தொலைவைப் பாதியளவாகக் குறைத்து, வேகத்தை மட்டும் மறவாது வைத்துக்கொள்ளுதலும் நற்பயன் தருவதாகும்.

போட்டி நாளிலே வெற்றி தோல்வியை முடிவு செய்வது பெரும்பாலும் முதல் மூன்று கிலோமீட்டர். ஓய்ந்திருந்த கால்களும், கூட்டத்தின் ஆரவாரமும், தம்மை முந்திச் செல்லும் இளைஞரும் ஒருங்கே சேர்ந்து, குறித்த வேகத்தினும் விரைந்து ஓடுமாறு தூண்டுவர். அங்கே சேமித்த பத்து விநாடிக்குப் பதினேழாம் கிலோமீட்டரில் ஒரு நிமிஷம் வட்டி கட்ட நேரும். தொடக்கத்தில் அடக்கமும், இடையில் ஒழுங்கும், இறுதி ஐந்து கிலோமீட்டரில் துணிவும் வேண்டும் என்பது பட்டறிந்தோர் கூற்று. வெப்பத்தையும் மறத்தலாகாது. குளிர்ந்த காலைப்பொழுதில் இயலும் நேரம் வெயிலிலும் புழுக்கத்திலும் இயலாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்குச் செல்லும் இரத்தம் தசைகளுக்குக் குறைந்துவிடும். அத்தகைய நாளில் கடிகாரத்தை மறந்து ஓடுபவரே அறிவுடையவர்.

இம்முயற்சியில் இடர் இல்லையோ எனின், உண்டு. 2000 முதல் 2010 வரை அமெரிக்க நாட்டில் அரை மாரத்தானும் மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரைப் பற்றி ஆராய்ந்ததில், 59 பேர்க்கு ஓட்டத்தின்போதோ முடிந்தவுடனோ இருதயம் நின்றுபோயிற்று. அவருள் 42 பேர் இறந்தனர். ஏறத்தாழ 1,84,000 பேரில் ஒருவர்க்கு நேர்ந்த இத்துன்பம், முழு மாரத்தானைவிட அரை மாரத்தானில் மிகக் குறைவு. எண் சிறிதாயினும், அவ்வொருவர் வீட்டார்க்கு அது சிறிதன்று. ஆதலின், தொடங்குமுன் மருத்துவரை நாடுதலும், நெஞ்சுவலி, தலைசுற்றல், இயல்பு கடந்த மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் அந்நொடியே நின்றுவிடுதலும் வேண்டும். சொந்தச் சாதனைக்கு ஒரு விநாடியே எஞ்சியிருப்பினும் நிற்றல் வேண்டும்.

அச்சத்தை மிகுத்துக்கொள்ளுதலும் தகாது. அமெரிக்க நாட்டிலே அச்சுக்கோக்கும் தொழில் செய்துவந்த கிளாரன்ஸ் டிமார் என்பவர்க்கு, அவர் இளமையில், இருதயத்தில் குறையொலி கேட்கின்றது என்றும் ஓட்டத்தை விட்டுவிடுதல் நன்று என்றும் மருத்துவர் கூறினர். அவரோ 1911 முதல் 1930 வரை பாஸ்டன் மாரத்தானில் ஏழு முறை வென்றார். கடைசி வெற்றியின்போது அவர்க்கு வயது 41. அறுபதைக் கடந்தும் அப்போட்டியில் ஓடிவந்தார். 1958-இல் அவர் புற்றுநோயால் மறைந்தபின் உடலை ஆராய்ந்த மருத்துவர், அவர்தம் இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் இயல்பினும் இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை அகன்றிருக்கக் கண்டனர். 1984-இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் ஐம்பது கடந்த ஓட்டக்காரரையும் பிறரையும் ஒப்பிட்டு ஆராயத் தொடங்கினர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் ஓட்டக்காரருள் நூற்றுக்கு 15 பேரும், மற்றவருள் நூற்றுக்கு 34 பேரும் இறந்திருந்தனர். நலமுடையோரே ஓட முன்வருவர் ஆதலின், இவ்வேறுபாடு முழுவதையும் ஓட்டத்தின் பயன் என்று கொள்ளுதல் இயலாது. எனினும் முழங்கால் தேய்ந்து முடமாவர் என்ற பழைய அச்சத்திற்கு அவ்வாராய்ச்சி இடம் தரவில்லை.

மற்றொரு வினாவும் உண்டு. 2017-ஐ ஒட்டிக் கரியிழைத் தகடும் மென்மையான தடித்த அடியும் கொண்ட புதுவகைக் காலணிகள் வந்துள்ளன. சிறந்த ஓட்டக்காரர்க்கு இவை ஆற்றற் செலவில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை மிச்சப்படுத்துதலை 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பழைய காலணியோடு ஓடிய நேரத்தைப் புதிய காலணியோடு வென்றால் அதனைச் சாதனை என்று கொள்ளலாமா? விதி அதனைத் தடுப்பதில்லை. ஆயினும் எத்துணைப் பங்கு காலுக்கு உரியது, எத்துணை காலணிக்கு உரியது என்பதை ஓடியவர் உள்ளமே அறியும். பிறர் எவரும் கேளாத கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வைப்பது இவ்வோட்டத்தின் இயல்பு.

நன்கு முயன்றும் நேரம் குறையாத காலம் ஒன்று எல்லோர்க்கும் வந்தே தீரும். அப்பொழுது அளவுகோலை மாற்றிக்கொள்ளுதல் தோல்வியாகாது. முதியோர் ஓட்டப்பந்தயங்களை நடத்தும் உலகச் சங்கம் 1977-இல் நிறுவப்பெற்றது. முப்பத்தைந்து வயது முதல் ஐந்தைந்து ஆண்டாக வகுப்புக்கள் பிரித்துப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஒவ்வொரு வயதிலும் மனிதர்க்கு இயலும் மிகச் சிறந்த நேரம் இன்னது என்று அட்டவணையும் வகுத்துள்ளனர். எளிதாகக் கணக்கிடும் பொருட்டு, அறுபது வயது ஆடவர்க்கு அவ்வளவு 70 நிமிஷம் என்று கொள்வோம். 100 நிமிஷத்தில் ஓடியவர் நூற்றுக்கு எழுபது பெற்றவராவர். ஐம்பதில் அறுபத்தைந்து பெற்றவர் அறுபதில் எழுபது பெறுவாராயின், கடிகாரம் என்ன கூறினும் அவர் வளர்ந்தவரே. 1979-இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 35 நிமிஷம் 15 விநாடியில் வென்ற ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன் அம்மையார், நாற்பது ஆண்டுகள் சென்றபின் 2019-இல், அந்நேரத்தினும் நாற்பது நிமிஷத்திற்கு மேற்படாமல் ஓடுவேன் என்று குறித்துக்கொண்டு, 61 வயதில் 3 மணி 4 நிமிஷத்தில் ஓடி முடித்தார். ஆண்டிற்கு ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க இசைந்தவர், அதிலும் பதினொரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தார். காலத்தோடு நேர்மையாகச் செய்துகொண்ட உடன்படிக்கை என்று இதனைக் கூறலாம்.

எனவே, முதுமையிற் சொந்தச் சாதனை இயலுமா என்னும் வினாவிற்கு, இளமையிற் பயன்படாது கிடந்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவிற்கு இயலும் என்பதே விடை. அவ்வாற்றலும் காத்திராது, கூரை ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே வருகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஐம்பதைக் கடந்தோர், ஓட்டம் நமக்கு உரியதன்று என்று ஒதுங்காமல், மருத்துவரைக் கண்டு, மெல்ல நடந்து, பின்பு மெல்ல ஓடிப் பார்ப்பாராக. இப்பொழுது பயிலும் மாணவரோ திடலின் ஓரத்தில் தம் ஆசிரியர் ஒருவர் கடிகாரத்தை நோக்கியவாறு ஓடக் கண்டால் நகையாடாது, அவர் மூன்று விநாடியைத் தேடுகின்றார் என்று அறிந்து வழிவிடுவாராக. தமக்குரிய கூரை இன்னும் உயரத்தில் இருக்கும் இந்நாளிலேயே, தம் ஏணி எத்தனையடி என்பதையும் ஒருமுறை அளந்து பார்ப்பாராக.